குப்பைக்குக் கொடுக்கும் கூலி
(வணிகவியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர்)

பொருளை வாங்கக் காசு கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேண்டாத பொருளை எறியவும் காசு கொடுக்க வேண்டும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். வாங்கும்போது கிராமுக்குக் கிராம் பேரம் பேசும் நம் வணிகர்கள், எறியும்போது மட்டும் கேட்ட தொகையைக் கேட்டபடியே கொடுத்துவிடுகிறார்கள். 'குப்பைதானே!' என்ற அலட்சியமே இதற்குக் காரணம். அந்த அலட்சியம் எத்தனை ரூபாயை விழுங்குகிறது, யாருடைய கையைக் கிழிக்கிறது என்பதை எங்கள் கடை அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறார். ஒரே பந்தியில் நாற்பது பேர் அமரலாம். பகலில் இலைச் சாப்பாடு. இரவில் இட்லி, தோசை, பரோட்டா. கல்லூரி விட்டதும் கல்லாவில் அமர்வது என் வேலை. கடையின் பின்புறம் மூன்று நீல டிரம்கள் உண்டு. நாள் முழுவதும் சேர்வதெல்லாம் அவற்றில்தான் விழும். இரவு பதினொரு மணிக்குத் தனியார் வண்டி ஒன்று வந்து எடுத்துச் செல்லும். மாதம் 4,500 ரூபாய். இது போக, நகராட்சிக்குக் குப்பைக் கட்டணம் வேறு தனியாகச் செலுத்தி வந்தோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள். வண்டியோடு வரும் அக்கா, டிரம்மில் பிதுங்கி நின்ற குப்பையைக் கையால் அழுத்தினார். உள்ளே உடைந்த கண்ணாடித் தம்ளர் இருந்திருக்கிறது. உள்ளங்கை கிழிந்து இரத்தம் கொட்டியது. அப்பா அவரை ஸ்கூட்டரில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நான்கு தையல்கள். திரும்பி வந்ததும் அந்த அக்கா சொன்னார்: "பரவால்லண்ணே. இது என்ன எனக்குப் புதுசா? மூணாவது தடவை."

அன்றிரவு கடையைச் சாத்தும்போது அப்பா ஆத்திரப்பட்டார். "மாசம் நாலாயிரத்து ஐந்நூறு வாங்குறானே, ஒரு ஜோடி கையுறை வாங்கித் தரக் கூடாதாடா அவன்?"

வண்டிக்காரர் வாங்கித் தந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்ணாடியை டிரம்மில் போட்டவர்கள் யார்? நாங்கள்தாம். இன்னொரு கேள்வியும் எழுந்தது. "அப்பா, இந்த நாலாயிரத்து ஐந்நூறு எந்தக் கணக்கில் வந்தது?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "முன்னாடி கடை வச்சிருந்தவர் ஒரு தொகை கொடுத்துக்கிட்டிருந்தார். அதையே நானும் கொடுத்தேன். வருஷா வருஷம் ஏத்திக்கிட்டு வர்றான்" என்றார். காய்கறிக் கடைக்காரரிடம் ஐம்பது காசுக்கு வாதாடும் என் தந்தையார், இந்தத் தொகையை ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. அன்றுதான் கணக்கெடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஏழு நாள் கணக்கு

அரிசி மூட்டை நிறுக்கும் தராசு கடையில் இருந்தது. டிரம்மில் எவ்வளவு உயரத்துக்குக் குப்பை இருக்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம், இரவு தோறும் வண்டி வருமுன் ஒவ்வொரு டிரம்மும் எவ்வளவு நிறைந்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். "பி.காம். படிச்சு குப்பைக்குக் கணக்கு எழுதுற" என்றார் பரோட்டா மாஸ்டர்.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். வண்டி எடுத்துச் சென்றவை 21 டிரம்கள். விளிம்பு வரை நிறைந்திருந்தவை எட்டுத்தான். ஏழு டிரம்கள் பாதியளவே நிறைந்திருந்தன. மீதி ஆறும் பாதிக்கும் குறைவு. அதாவது, நாங்கள் காசு கொடுத்து ஏற்றி அனுப்பியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறுங்காற்று! மாதம் 1,500 ரூபாயைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இருந்த குப்பையாவது குப்பையா என்றால் அதுவும் இல்லை. பெரும்பகுதி எச்சில் இலைகள். அடுத்து, மடிக்காமல் அப்படியே போட்ட அட்டைப்பெட்டிகள். அதன்பின் காய்கறித் தோல், முட்டைக்கோசு இலை, முருங்கைக் காம்பு. இடையிடையே தேங்காய்ச் சிரட்டை, பால் பாக்கெட், எண்ணெய் டின். இவற்றில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் பொருள்கள். விற்க வேண்டியதை, நாங்கள் காசு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

செலவுக் கணக்கியல் பாடத்தில் இயல்பான இழப்பு, இயல்புக்கு மீறிய இழப்பு என்று படிக்கிறோம். கழிவை விற்றுக் கிடைக்கும் தொகையைச் செலவிலிருந்து கழிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால் நம் வீட்டுக் கடையின் பின்புறத்தில் அதே கணக்கு நாறிக்கொண்டு கிடக்கிறது. அதை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. வரவு சிறிதானாலும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். செலவு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால்தானே அந்த வழியை அடைக்க முடியும்?

நாங்கள் செய்தவை

முதலில் கண்ணாடிக்குத் தனியாக ஒரு பழைய எண்ணெய் டின் வைத்தோம். உடைந்தது எதுவானாலும் அதில்தான் போட வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பிறகு இலை. பக்கத்துத் தெருவில் மூன்று மாடுகள் வைத்திருக்கும் ஆத்தா ஒருவர், "இலையில பிளாஸ்டிக் கவர் இல்லாம இருந்தா நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றார். முன்பு ஒரு முறை பாலிதீன் பையைத் தின்று அவருடைய கன்று ஒன்று இறந்து போனதாம். அன்று முதல் இலைத் தொட்டியில் ஊறுகாய்ப் பொட்டலம்கூட விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

அட்டைப்பெட்டியை மடித்துக் கட்டி வைத்தோம். சிரட்டை, டின், பால் பாக்கெட் ஆகியவற்றைச் சாக்குகளில் சேர்த்தோம். வாரம் ஒரு முறை காயலான் கடைக்காரர் வந்து நிறுத்து எடுத்துக்கொள்கிறார். அந்தக் காசு கல்லாவுக்கு வருவதில்லை. பிரித்து வைக்கும் பையன்களே பங்கிட்டுக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான் என்பேன். கூடுதல் வேலை செய்பவனுக்கு அதில் ஒரு பங்கு இல்லையென்றால், முதலாளியின் உத்தரவு மூன்றாம் நாளே டிரம்முக்குள் போய்விடும். முதல் வாரம் முணுமுணுத்த பரோட்டா மாஸ்டர்தான் இப்போது அட்டையை ஒழுங்காக மடிப்பவர்.

காய்கறித் தோலைக் காலையில் வரும் நகராட்சி பேட்டரி வண்டியிடம் தனியாகக் கொடுக்கிறோம். அதற்குத்தான் நாங்கள் ஏற்கனவே கட்டணம் செலுத்தி வந்தோமே! கலந்த குப்பையை அவர்கள் வாங்க மாட்டார்கள்; பிரித்துக் கொடுத்தால் உரம் தயாரிக்க எடுத்துச் செல்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக ஒரே குப்பைக்கு இரண்டு இடங்களில் காசு கொடுத்திருக்கிறோம். நம் ஊரில் மிகுதியாகக் கொடுப்பவர்களில் பலர் இப்படி இரட்டைச் செலவு செய்பவர்களாகவே இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பலமுறை காய்ந்த எண்ணெயைத் தெரு வடிகாலில் ஊற்றுவதையும் நிறுத்தினோம். 2018 ஜூலை முதல், முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அத்தகைய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசல் தயாரிக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது. வடிகாலை அடைத்துக்கொண்டிருந்த எண்ணெயும் இப்போது ஒரு சரக்காகிவிட்டது.

மீதமானது ஒரே ஒரு டிரம். அப்பா வண்டிக்காரரை அழைத்துப் பேசினார். மூன்று டிரம்முக்கு மாதம் 4,500 என்றால் ஒரு டிரம்முக்கு 50 ரூபாய் ஆகிறது. "இனிமேல் ஒண்ணுதான். ஆனா டிரம்முக்கு அறுபது தர்றேன். அந்தப் பொண்ணுக்குக் கையுறையும் காலுக்குப் பூட்ஸும் நீ வாங்கித் தரணும்" என்றார். வண்டிக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு எங்கள் கடையில் மிச்சமான நேரத்துக்கு வேறு இரண்டு கடைகளைப் பிடித்துக்கொண்டார். இப்போது மாதச் செலவு 1,800 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 32,400. எங்கள் கடையின் ஒரு மாத வாடகையைவிட இது அதிகம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒவ்வொரு கடைக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த வணிகரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு.

கூலி எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? டிரம் எண்ணிக்கையை வைத்தென்றால் காற்றுதான் எதிரி. அட்டையை மடிக்க வேண்டும், அரை டிரம்மை அனுப்பக் கூடாது. எடையை வைத்தென்றால் தண்ணீர்தான் எதிரி. காய்கறிக் கழிவில் பெரும்பங்கு நீரே என்பதால், வடிய விட்டு அனுப்ப வேண்டும். மொத்தத் தொகையாக மாதக் கூலி என்றால், எத்தனை முறை வருவது, எவ்வளவு எடுப்பது என்பதை எழுதி வாங்க வேண்டும். துணிக்கடைக்குத் தினமும் வண்டி எதற்கு? அங்கே சேர்வது அட்டையும் காகிதமும்தான், அழுகப் போவதில்லை. மீன் கடைக்கோ ஒரு நாள் தவறினாலும் ஆகாது.

எழுத்தில் ஒப்பந்தம் உள்ள பெரிய கடைகளும் விடுதிகளும் அதன் கடைசிப் பக்கத்தையும் படிக்க வேண்டும். காலம் முடிந்ததும் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்ற வரி இருக்கலாம். டீசல் விலை ஏறினால் கூலி ஏறும் என்றிருக்கலாம்; இறங்கினால் இறங்கும் என்று இருக்காது. எவ்வளவு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்பதை, கையெழுத்திடும் முன் பார்ப்பதா, விலகும் நாளில் பார்ப்பதா?

கேட்பதற்கு வேறு ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் நகரமே சான்று. 1957-இல் அந்த மாநகராட்சி கடைகளின் குப்பையை எடுப்பதை நிறுத்தி, தனியார் வண்டிகளிடம் விட்டது. குற்றக் கும்பல்களின் பிடியிலிருந்த வண்டி உரிமையாளர் சங்கங்கள், 'இந்தக் கடை இன்னாருடையது' என்று ஊரையே பங்கு போட்டுக்கொண்டன. கடைக்காரர் வேறு வண்டியை அழைக்க முடியாது. அழைத்தாலும் எவரும் வரமாட்டார்கள். 1995-இல் அவர்கள் மீது பெரிய வழக்குத் தொடரப்பட்டது. 1996-இல் புதிய சட்டம் வந்தது. இத்தொழிலுக்கு உரிமம் வழங்கத் தனி ஆணையம் அமைந்தது. ஒப்பந்தம் இரண்டாண்டைத் தாண்டக் கூடாது என்றானது. கூலியும் இறங்கியது.

கதை அத்துடன் முடியவில்லை. போட்டி வந்தபின், ஒரே தெருவுக்கு இரவெல்லாம் பல நிறுவனங்களின் வண்டிகள் ஓடின. ஆகவே 2019-இல் இன்னொரு சட்டம் இயற்றி, நகரை 20 மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு மூன்று நிறுவனங்கள் வரைதான் என்று வரையறுத்தார்கள். ஒருவரே இருந்தால் கொள்ளை. கணக்கின்றி இருந்தால் வீண் ஓட்டம். எங்கள் தெருவில் பன்னிரண்டு கடைகளுக்கு நான்கு வண்டிகள் வருகின்றன. பன்னிரண்டு பேரும் ஒன்று சேர்ந்து பேசினால், ஒரே வண்டியில் வேலை முடியும். அந்த வண்டிக்காரருக்கும் கட்டுபடியாகும். நம் வணிகர் சங்கங்கள் இதை ஏன் செய்யக் கூடாது?

மலிவு வேறு, மோசடி வேறு

குப்பைச் செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. அதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இரவில் மூட்டையாகக் கட்டி வாய்க்காலில் எறிவது. கடைக்குப் பின்னால் கொளுத்துவது. பக்கத்துக் கடைக்காரரின் தொட்டியில் போடுவது. இதில் செலவு குறைவதில்லை. அடுத்தவர் தலையில் ஏறுகிறது. வாய்க்கால் அடைத்து மழைநீர் கடைக்குள் வரும்போது, மிச்சம் பிடித்ததைப் போலப் பன்மடங்கு சரக்கு நனைகிறது.

கலந்து எறிந்த குப்பை எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரல் மாதத்தில் பற்றி எரிந்தது. கோவையின் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரல் மாதத்தில் எரிந்தது. சுற்றிலும் குடியிருந்த மக்கள் புகையைச் சுவாசித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தக் கடைகளில் சாப்பிட்டிருப்பார்கள்? 2016-இல் நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், குப்பையை உண்டாக்குபவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும், நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் உண்டாக்குவோருக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்றும் கூறின. பிரித்தால் கடைக்காரருக்குக் காசு மிச்சம், ஊருக்கு மூச்சு மிச்சம். சட்டமும் இலாபமும் ஒரே திசையில் நடப்பது அரிது, இங்கே நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செலவைக் குறைப்பதாக எண்ணி, தூக்கிச் செல்பவரின் கூலியில் கை வைக்கும் வணிகர்களும் உண்டு. அவர்களுடைய கணக்கு தவறு. எங்கள் கடையில் மிச்சமான 2,700 ரூபாய் அந்த அக்காவின் கூலியைக் குறைத்து வந்ததல்ல. காற்றிலிருந்தும், அட்டையிலிருந்தும், எங்கள் அலட்சியத்திலிருந்தும் வந்தது. அவர் தூக்கும் ஒவ்வொரு டிரம்முக்கும் முன்னைவிட அதிகமாகவே கொடுக்கிறோம். மிகுதியாகக் கொடுப்பது முட்டாள்தனம் என்றால், குறைத்துக் கொடுப்பது பாவம். இரண்டுக்கும் நடுவிலுள்ள நியாயமான கூலியைக் கண்டுபிடிக்கத்தான் கணக்குப் படிக்கிறோம்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவு தூரம் படித்த மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் விடுதியிலும் சிற்றுண்டிச் சாலையிலும் நாள்தோறும் எவ்வளவு எறிகிறோம் என்று நம்மில் எவருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. வணிகவியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் சேர்ந்து, ஒரே ஒரு வாரம் நிறுத்துப் பார்க்கலாம். ஒரு தராசு, ஒரு குச்சி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்தக் கணக்கை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம். மீந்த சோறு எவ்வளவு என்று தெரிந்தால், சமைக்கும் அளவே மாறிவிடும். குப்பைச் செலவின் தொடக்கம் குப்பைத் தொட்டியில் இல்லை. வாங்கும் இடத்தில் இருக்கிறது.

அந்த அக்காவின் கை ஆறிவிட்டது. உள்ளங்கையில் தழும்பு மட்டும் இருக்கிறது. கையுறை வந்துவிட்டது, சில நாள் போட்டுக்கொள்வார், சில நாள் "புழுங்குது தம்பி" என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். சென்ற வாரம் டிரம்மைத் தூக்கும்போது, "இப்பல்லாம் உங்க கடை டிரம்முல தைரியமா கை வைக்கலாம் தம்பி" என்றார். என் நோட்டுப் புத்தகத்தில் வரவுப் பக்கம் எழுத இடமில்லாத ஒரே வரவு அதுதான்.